5 அங்குலம் பேசி 3 அங்குலம் போட்ட வாசல் கான்கிரீட்: என்ன செய்யலாம்?

கோவை மாவட்டம் சூலூர் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கேட்டிலிருந்து போர்டிகோ வரை கார் வந்துபோக 50 அடி நீளம், 12 அடி அகலத்தில் கான்கிரீட் போட முடிவு செய்திருக்கிறார். வேலையை எடுத்தவர் அவருடைய தம்பி மனைவியின் உறவுக்காரர். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார் கான்ட்ராக்டர்: சதுர அடி 175 ரூபாய், 5 இன்ச் கனம், எம்20 (கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம்), கம்பி வலை, கீழே கிராவல் போட்டு திமிசு அடித்துத் தருவோம். மொத்தம் 1,05,000 ரூபாய். கைபேசி வழியாக 55,000, ரொக்கமாக 30,000 கொடுத்தாகிவிட்டது. பாக்கி 20,000.

மார்ச் மாதம் வேலை முடிந்தது. மூன்றே வாரத்தில் நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. கார் திரும்பும் இடத்தில் வலைப்பின்னலாகச் சிறு வெடிப்புகள். துடைப்பம் பட்டாலே சிமென்ட் பொடி பறக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் போர்டிகோ படியில் வந்து நிற்கிறது. ஜூலையில் கேட்டுக்கு ரெயில் வைக்க வந்த வெல்டர் ஓரத்தை உடைத்தபோது கனம் 3 அங்குலம்தான் இருந்திருக்கிறது. கம்பி வலை மண்ணோடு மண்ணாகக் கிடந்திருக்கிறது.

கான்ட்ராக்டர் சொல்லும் பதில்: “கான்கிரீட் என்றால் வெடிக்கத்தான் செய்யும். நீங்கள் ஒழுங்காகத் தண்ணீர் காட்டவில்லை. வேண்டுமானால் மேலே ஒரு பூச்சு பூசித் தருகிறேன், பாக்கியைக் கொடுங்கள்.” போன வாரம் இரண்டு பேரை வீட்டுக்கே அனுப்பிப் பாக்கி கேட்டிருக்கிறார். ஆசிரியையின் கேள்விகள் இவை: போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? ரெராவில் (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) 5 ஆண்டு உத்தரவாதம் உண்டாமே, அங்கே போகலாமா? எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் வழக்கு நிற்குமா? முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டு, செலவோடு மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்கலாமா?

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து இப்போது எதையும் உடைக்காதீர்கள். பூச்சு பூசவும் விடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி அந்தக் கான்கிரீட்தான். உடைத்துவிட்டால் அது ஜல்லிக் குவியல். அதன் கனம் எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பூச்சு பூசினால் வெடிப்புகள் மறையும், கூடவே “அவர்கள் சம்மதித்துத்தான் சரிசெய்து கொடுத்தேன்” என்ற வாதமும் அவருக்குக் கிடைக்கும். தொழில்முறையிலும் அது வீண் வேலை. அடித்தளம் சரியில்லாத, பொடி பறக்கிற கான்கிரீட்டின் மேல் அரை அங்குலம் பூசினால், கார் ஏறி இறங்கும் இடத்தில் சீக்கிரமே பொரிந்து வந்துவிடும்.

வெடிப்பை விடுங்கள், கனத்தைப் பிடியுங்கள்

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் வெடிப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். 3 அங்குலம் என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் இதைத் தலைகீழாக்குவேன்.

கான்கிரீட் வெடிக்கத்தான் செய்யும் என்று அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உலரும்போது கான்கிரீட் சுருங்கும். எங்காவது ஒரு கோடு விழும். நல்ல மேஸ்திரி அதைத் தடுக்கப் பார்ப்பதில்லை, எங்கே விழவேண்டும் என்று தானே தீர்மானிக்கிறார். 5 அங்குலக் கனத்துக்கு 10, 12 அடிக்கு ஒரு இடத்தில் குறுக்கே காடி (பள்ளக் கோடு) வெட்டிவிட்டால் வெடிப்பு அதற்குள்ளேயே போய்விடும், கண்ணில் படாது. உங்கள் 50 அடி நீளத்தில் ஒரு காடிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் குறுக்காக விழுந்த வெடிப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வலைப்பின்னல் வெடிப்பும் பொடியும் வேறு கதை. கலவையில் தண்ணீர் அதிகமாக விட்டிருக்கலாம், கழுவாத எம்-சாண்டில் தூசி அதிகமாக இருந்திருக்கலாம், மேலே ஊறி நின்ற தண்ணீர் வற்றும் முன்பே மட்டக்கட்டை போட்டுத் தேய்த்திருக்கலாம், கியூரிங், அதாவது தண்ணீர் காட்டி ஈரம் காப்பது, போதாமல் இருந்திருக்கலாம். பாருங்கள், நாலு காரணம் சொல்கிறேன், அதில் கடைசி உங்கள் பக்கம் திரும்புகிறது. அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

நீங்களே எழுதியபடி 5 நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டீர்கள், பிறகு மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்கே குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள். வெயில் காய்கிற வறண்ட காலத்தில் 14 நாள் வரை பரிந்துரைக்கிறது. சமதளக் கான்கிரீட்டுக்குக் குழாயில் இரண்டு வேளை தெளிப்பது போதாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் ஈரச் சாக்கு போட்டு மூடவேண்டும். இதைச் சொல்லிக் கொடுப்பதும், செய்கிறார்களா என்று வந்து பார்ப்பதும் வேலை எடுத்தவரின் பொறுப்பு என்று நாம் வாதிடலாம். ஆனால் கியூரிங் யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே மேற்பரப்பு விஷயத்தில் பழியில் ஒரு பங்கு உங்கள் மேல் விழலாம். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. விசாரணை நாளில் தெரிந்தால் திகைப்பாக இருக்கும்.

கனம் அப்படியல்ல. எவ்வளவு தண்ணீர் காட்டினாலும் 3 அங்குலம் 5 அங்குலமாக வளராது. வலை மண்ணில் கிடப்பதும், வாட்டம் தெருப் பக்கம் இல்லாமல் வீட்டுப் பக்கம் இருப்பதும், காடி வெட்டாததும் அவருடைய கையால் ஆனவை. நீங்கள் மகள் வீட்டில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் அவை மாறியிருக்காது. “5 இன்ச் கனம், கம்பி வலை, திமிசு” என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பேசியதற்கும் போட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை டேப் வைத்து அளந்து காட்டலாம். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். உங்கள் பகுதியில் கரிசல் மண் இருக்கும் இடங்கள் உண்டு. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. அப்படிப்பட்ட மண்ணென்றால், கிராவல் போட்டு இறுக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் பெரிய குறை.

முதலில் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்

வெல்டர் உடைத்த ஓரத்தை அப்படியே விட்டு, டேப்பைச் செங்குத்தாக வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கேட்டருகே கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வீடியோ எடுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது தெருப் பக்கம் சரிவு இருக்கவேண்டும். டியூப் மட்டம் வைத்து யாரும் அளந்து சொல்லிவிடுவார்கள். அந்த வெல்டரிடம் அவர் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தேதியோடு.

அடுத்து ஒரு பொறியாளர் அறிக்கை. இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். புதிதாக வேலை எடுக்கப்போகிற கான்ட்ராக்டரையே அழைத்து வந்து “இது உதவாது, முழுசாக உடைக்கணும்” என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். உடைத்தால் அவருக்கு வேலை கிடைக்கும். அந்த அறிக்கையை எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் கிழித்துவிடும். இந்த வேலையில் எந்த லாபமும் இல்லாத ஒருவரைப் பாருங்கள். அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையைக் கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் சோதனைக் கூடமும் ஆகும். மூன்று இடங்களிலாவது உருளையாகக் கோர் எடுக்கச் சொல்லுங்கள். கனம் அங்கேயே தெரிந்துவிடும். பலத்தைப் பொறுத்தவரை, மூன்று கோர்களின் சராசரி எம்20-க்கு உரியதில் 85 சதவீதமாவது இருக்கவேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. இவ்வளவு மெல்லிய தளத்தில் எடுக்கிற கோர் குட்டையாக இருக்கும், பலம் சோதிக்கச் சரிப்படாமலும் போகலாம். அதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்; கனம் ஒன்றே உங்களுக்குப் போதும்.

கோர் எடுக்கும் தேதியைக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகக் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, “விருப்பமிருந்தால் நேரில் இருக்கலாம்” என்று சொல்லுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்குத் தெரியாமல் எங்கோ எடுத்த கோர் என்று பிறகு சொல்ல முடியாது.

ஒப்பந்தப் பத்திரம் இல்லையே என்ற கவலை

இந்த பயம் வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி இந்த மாதிரி வேலைக்கு வாய்மொழி ஒப்பந்தமே செல்லும். உங்களிடம் விலை, கனம், கலவை எல்லாம் சொல்லும் செய்தி இருக்கிறது. முத்திரைத் தாளில் கையெழுத்திட்ட பல ஒப்பந்தங்களில்கூட இவ்வளவு விவரம் நான் பார்த்ததில்லை. ரொக்கமாகக் கொடுத்த 30,000-க்கு ரசீது இல்லை என்று வருந்துகிறீர்கள்; ஆனால் மறுநாள் “30 வந்தது மேடம், நாளைக்கு ஜல்லி இறங்கும்” என்று அவர் அனுப்பிய செய்தி இருக்கிறதல்லவா? அதுதான் ரசீது. அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்கவேண்டும். படிவத்தை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

ரெரா, போலீஸ், நுகர்வோர் ஆணையம்

ரெராவில் 5 ஆண்டு உத்தரவாதம் இருப்பது உண்மைதான். ஆனால் அது மனை, அடுக்ககம் கட்டி விற்கும் புரமோட்டருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ளது. சொந்த இடத்தில் நீங்கள் ஆள் வைத்துச் செய்த வேலைக்கு அது பொருந்தாது. அந்தக் கதவைத் தட்டி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

போலீஸ் பற்றி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் குற்றம்தான். ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டவேண்டும். வேலையை மோசமாகச் செய்தது, பேசியபடி செய்யாதது மட்டும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. ஆள் வந்தார், ஜல்லி இறங்கியது, கான்கிரீட் போட்டார். இதில் மோசடியை நிறுவுவது கடினம். நம் ஊர் வழக்கப்படி ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, ஒரு தொகைக்கு எழுதி வாங்கிவிடுவார்கள். “இத்துடன் கணக்கு முழுதும் தீர்ந்தது” என்ற வரியில் களைப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதன்பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது.

வீட்டுக்கு ஆள் அனுப்பியது தனி விஷயம். அதைக் கான்கிரீட்டோடு குழப்பாதீர்கள். மறுபடி வந்து மிரட்டினால் 100-ஐ அழையுங்கள், மிரட்டியதைப் பற்றி மட்டும் எழுதிப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

உங்களுக்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் சேவை என்பதில் வீட்டுக் கட்டுமானமும் அடங்கும். கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் தனி ஆளும் சேவை தருபவர்தான், பெரிய நிறுவனமாக இருக்கவேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நீங்களே வாதாடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், மேலே 15 நாள் வரைதான் நீட்டிப்பு. சட்டத்தில் 3 மாதம், சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று கெடு இருக்கிறது. நடைமுறையில் அதைவிட நன்றாகவே நீளும், மனதை அதற்குத் தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்குள் புகார் போடவேண்டும். அந்த இரண்டு ஆண்டை வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்து எண்ணாமல், மார்ச்சில் வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தகராறுக்கு இடம் இருக்காது.

எவ்வளவு கேட்பது?

5 லட்சம் வேண்டாம். ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு 5 லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால், நியாயமான மீதிக் கோரிக்கையையும் ஆணையம் சந்தேகத்தோடு பார்க்கும். கணக்கை இப்படிப் போடுங்கள். உடைத்து அள்ளி, பேசியபடி 5 அங்குலத்தில் மறுபடி போட 1,40,000 ஆகும் என்று உங்களுக்கு ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே கொடுத்த 85,000-ஐச் சேர்த்தால் உங்கள் மொத்தச் செலவு 2,25,000. ஒழுங்காகச் செய்திருந்தால் ஆகியிருக்கவேண்டியது 1,05,000. வித்தியாசம் 1,20,000. அதுதான் உங்கள் நஷ்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இப்படித்தான் பார்க்கிறது: ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் இருந்திருக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவருவது. கூடவே சோதனைச் செலவு, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு அளவான ஒரு தொகை. முழுவதும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கியூரிங் வாதத்தால் குறையலாம், மூன்று அங்குலத்தையும் இத்தனை மாதம் பயன்படுத்தினீர்களே என்று கொஞ்சம் கழிக்கலாம்.

கையில் நிறுத்தி வைத்திருக்கும் 20,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். ஆனால் “தரமாட்டேன்” என்றும் எழுதாதீர்கள். “பேசியபடி வேலை முடிந்ததும் தருகிறேன்” என்று எழுதுங்கள். அந்தப் பாக்கிக்காக அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியாதா என்றால், முடியும். மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. போட்டால் அதிலேயே உங்கள் நஷ்டத்தை எதிர்க்கோரிக்கையாக வைப்போம்.

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் குறிப்பிட்ட ஒன்று: கேட்டுக்கு வெளியே சாக்கடையை மூடி 4 அடி சாய்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதை இந்த வழக்கில் கொண்டுவராதீர்கள். அது உங்கள் இடமல்ல. உள்ளாட்சி நிர்வாகம் நாளைக்கே வந்து இடிக்கலாம், நஷ்டஈடும் கிடையாது. தண்ணீர் ஓடும்படி நீங்களே அதை எடுத்துவிட்டு, தூக்கி வைக்கும் இரும்புப் பலகை போட்டுக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் ஆயிற்றே

தம்பி மனைவி “சொந்தத்துக்குள் கேஸா?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கத்தான் செய்வார்கள். வழக்குக்கு முன் ஒரு படி இருக்கிறது, அது உங்கள் குடும்பத்துக்கும் பொருந்தும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஓய்வூதியம் வருகிறதே என்று தயங்காதீர்கள்.

பொறியாளர் அறிக்கை வந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் நோட்டீஸ் எழுதி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பேசியது என்ன, போட்டது என்ன, 15 நாளுக்குள் உடைத்து மறுபடி போடவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவைக் கோருவேன் என்று மட்டும். நுகர்வோர் வழக்குக்கு நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனால் திருத்த வாய்ப்புக் கொடுத்தீர்களா என்ற கேள்வி வரும்போது கையில் இருக்கவேண்டும். அவர் ஒப்புக்கொண்டு திரும்ப வந்தால் நல்லதுதான். அப்போது கனம், வலை தரையிலிருந்து தூக்கி வைக்கப்படுவது, காடி, வாட்டம், கியூரிங் யார் பொறுப்பு, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கான்கிரீட் கொட்டும் முன் கனத்தை நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். பாக்கி 20,000-ஐ, கான்கிரீட் கொட்டி 28 நாள் கழித்துக் கொடுங்கள்.

நோட்டீஸ் போவதற்கு முதல் நாள் தம்பி மனைவிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தபால்காரர் மூலம் முதலில் தெரிந்துகொண்டால் அவருக்கு வருத்தம் கூடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் கோர் எடுத்து முடித்துவிட்டு, படியருகே தண்ணீர் நிற்கும் இடத்தில் தற்காலிகமாக மணல் மூட்டை நாலைக் கட்டி வழி திருப்பிவிடுங்கள். அதையும் படம் எடுத்து வையுங்கள்.